எனாமல் சட்டியும் சூப்பரிண்டெண்டின் கால்களும்

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், மேலதிகாரிக்குப் பயம், மனைவிக்குப் பயம். (கடைசி இரண்டையும் எந்த வரிசையில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.) ஆனால் என் ஆயுசிலேயே நான் அதிகமாகப் பயந்தது இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு பொடியனைப் பார்த்து. அவன் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஐந்து நாளாக அவன் ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் விஷயம்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்தில் நானும் என் மனைவி சிவகாமியும் பிள்ளை ரமணியும் குடியிருந்தோம். மகாராஜா காலம். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. நான் பி.ஏ. பாஸ் செய்தவன். அந்தக் காலத்து பி.ஏ.க்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் நடக்கிற எல்லாமே காட்டுமிராண்டித்தனமாகத் தோன்றும். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

எங்கள் வீடுகளில் சின்னக் குழந்தையை வெளிக்கு உட்காரவைப்பதற்கு ஒரு முறை உண்டு. கொல்லைப்புறத்தில் அம்மா தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சற்றே விலக்கி வைத்துக்கொள்வாள். குழந்தையைத் தன் முகம் பார்க்க அந்தப் பாதங்களின்மேல் உட்காரவைத்து, 'ஸ்ஸ்ஸ்...' என்று சத்தம் கொடுப்பாள். குழந்தை அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வேலையை முடிக்கும். பிறகு இரண்டு செம்பு தண்ணீர், அவ்வளவுதான். ரமணியும் அப்படித்தான் வளர்ந்தான். விடிந்ததும் சிவகாமியின் மஞ்சள் பூசிய பாதத்தைத் தட்டி, "கா, கா" என்பான். கால் வேண்டும் என்று அர்த்தம். உட்கார்ந்தால் இரண்டு நிமிஷம்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பரம அவமானம். 'பெற்ற தாயின் காலையே கக்கூஸாக்குகிற தேசம் எப்படி உருப்படும்?' என்று நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். (அந்தக் காலைக் கழுவிக்கொள்கிறவள் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.)

அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் சீமைக்குத் திரும்பிப் போனார். அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, குழந்தை வளர்ப்பைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புஸ்தகமும், குழந்தைகள் உட்காருகிற ஒரு எனாமல் சட்டியும் எனக்குக் கிடைத்தன. வெள்ளை வெளேரென்று இருந்தது சட்டி. நீல விளிம்பு, பக்கத்தில் ஒரு காது. மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இதென்னது? கொழம்பு வெக்கறதுக்கா?" என்றாள் சிவகாமி.

"கொழந்தை வெளிக்குப் போறதுக்கு. சீமையில இதுலதான் உட்காரும்."

அவள் இரண்டடி பின்னால் போனாள். "எவனோ பரங்கி உக்காந்ததையா ஆத்துக்குள்ள கொண்டு வந்தேள்? போங்கோ, கொல்லைக்குக் கொண்டு போங்கோ!"

கிணற்றடியில் ஏழு தடவை கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஒரு மாசம் அது அப்படியே கிடந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சிவகாமி குளத்துப்படியில் பாசி வழுக்கி விழுந்தாள். வலது கணுக்கால் பிசகிவிட்டது. மேற்குக் கோட்டையிலிருந்து வைத்தியர் வந்து, மூங்கில் பத்தை வைத்து, எண்ணெயில் ஊறிய கறுப்புத் துணியால் முழங்கால்வரை கட்டினார். மூன்று வாரம் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று உத்தரவு. ரமணி அந்தக் கறுப்புக் காலைப் பார்த்தான். "அம்மா கா போச்சு" என்று சொல்லி ஓவென்று அழுதான்.

எதிர்வீட்டு விசாலம் மாமி உடனே வந்தாள். "கொழந்தையை எங்கிட்டக் குடுங்கோ. காலம்பற நான் கால்ல போட்டுக்கறேன். இதுல என்ன இருக்கு!"

சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நானோ சுகாதாரம், நாகரிகம், குழந்தையின் சுயமரியாதை என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது செரி. பி.ஏ. படிச்சவாளுக்கு நான் என்னத்தைச் சொல்லப்போறேன்" என்று எழுந்து போனாள். மறுநாளே பெண்ணின் பிரசவத்துக்காக நாகர்கோவிலுக்கு வண்டி ஏறிவிட்டாள்.

சனிக்கிழமை காலை. ஒரு கையில் புஸ்தகம், இடுப்பில் கடிகாரம். 'குறித்த நேரத்தில் உட்காரவைத்தால் குழந்தை தானே பழகிக்கொள்ளும்' என்று புஸ்தகத்தில் போட்டிருந்தது. கிணற்றடியில் சட்டியை வைத்து ரமணியைத் தூக்கி உட்காரவைத்தேன். அந்தச் சட்டி நாலு வயது வெள்ளைக்காரக் குழந்தைக்குச் செய்தது என்று நினைக்கிறேன். எங்கள் பொடியன் அதற்குள் இறங்கிப்போய்விட்டான். முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட்டன. சில்லிப்பு வேறு. அவன் கண் விரிந்தது. உதடு பிதுங்கியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று அவன் துள்ளி எழுந்தான். சட்டியும் அவனோடு எழுந்தது.

எப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பின்பக்கம் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவன் ஓட, அதுவும் விடாமல் கூடவே போக, நாலாவது அடியில் சட்டி கழன்று துவைக்கிற கல்மேல் விழுந்தது. டங்கென்று ஒரு சத்தம்! தென்னை மரத்துக் காக்கை அத்தனையும் பறந்தன. குழந்தை மூச்சு நின்றதுபோல் ஒரு விநாடி அப்படியே நின்றான். அப்புறம் அவன் கத்திய கத்தலுக்குத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அன்றோடு அவன் முடிவு செய்துவிட்டான். இனி உட்காருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. 'ஒரு நாள்தானே' என்றேன். திங்கட்கிழமை எனக்கு வயிற்றைப் பிசைந்தது. (எனக்குத்தான். அவனுக்கு ஒன்றும் பிசையவில்லை.) ஆபீஸுக்கு எப்படிப் போவது? லீவு எழுத உட்கார்ந்தேன். என்ன காரணம் எழுதுவது?

எங்கள் சூப்பரிண்டெண்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மகாதேவய்யர் என்று பெயர். அவர் தொண்டையைக் கனைத்தால் நாங்கள் பதினோரு குமாஸ்தாக்களும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு அங்குலம் குறுகிப்போவோம். போதாததற்கு அவருக்குப் பாதத்தில் வாதம். வலி வந்த நாளில் எவன் தலையாவது உருளும் என்று பேச்சு. ஒரு சேவகன் கை தவறிக் கடிதக் கட்டை அவர் காலில் போட்டுவிட்டான். அவனைப் பீருமேட்டு மலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்த மனிதரிடம் போய், 'என் மகன் வெளிக்குப் போகவில்லை, லீவு வேண்டும்' என்று எழுத முடியுமா? 'எனக்குக் கடுமையான குளிர் ஜுரம், படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை' என்று எழுதி அனுப்பினேன். பொய் எழுதிய கையே நடுங்கியது. குளிர் ஜுரம் வந்தவன் கையெழுத்து போலவே இருந்தது.

சுயமரியாதையை விட்டு, நானே பலகையில் உட்கார்ந்து காலை வைத்துக்கொண்டேன். "வாடா கண்ணா, அப்பா கால்ல உக்காரு."

ரமணி கிட்டே வந்து குனிந்து பார்த்தான். என் கணுக்காலில் உள்ள ரோமத்தைக் காட்டி, "பூச்சி!" என்று அலறிக்கொண்டு ஓடினான்.

"பாவம், உங்க காலைப் பாத்தா எனக்கே அப்படித்தான் இருக்கு" என்றாள் கட்டிலிலிருந்து சிவகாமி. அன்று அவளால் இன்னும் சிரிக்க முடிந்தது.

செவ்வாய்க்கிழமை சிரிப்பு நின்றுபோயிற்று. விளக்கெண்ணெய் கொடுத்தோம். பாதி என் சட்டையில், மீதியைக் கொஞ்ச நேரம் கழித்து அதே சட்டையில் வாங்கிக்கொண்டேன். குழந்தைக்கு அவஸ்தை வரும். அது நன்றாகத் தெரியும். உடனே ஓடிப்போய்க் கதவு மூலையில் நின்றுகொண்டு, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க அடக்குவான். நான் மண்டியிட்டுக் கெஞ்சுவேன். "விட்டுடுடா ராஜா. தரையில போ. என் வேஷ்டியில போ. எங்க வேணும்னாலும் போடா." அவன் கண்ணீரோடு தலையை ஆட்டுவான். அவஸ்தை போய்விடும். அவனும் நானும் வேர்த்துப்போய் உட்கார்ந்திருப்போம்.

புதன்கிழமை பால்கூடக் குடிக்கவில்லை. வயிறு மத்தளம் மாதிரி இறுகியிருந்தது. யாரோ எப்போதோ சொன்ன குடல் முறுக்கிக்கொண்ட கதைகளெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எங்களுக்கு முதலில் பிறந்தது தங்கவில்லை. எட்டு மாசத்தில், மூன்று நாள் வயிற்று உபாதையில் போயிற்று. அதை நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை காலை சிவகாமிதான் வாய் திறந்தாள்.

"ஏன்னா, இதுக்கும் ஏதாவது ஆச்சுன்னா நான் உசிரோட இருக்க மாட்டேன், கேட்டேளா? வைத்தியர்கிட்டக் கொண்டு போங்கோ. அந்தப் பாழாப்போன சட்டியையும் கொண்டுபோய்க் காட்டுங்கோ. என்ன பண்ணி வெச்சேள்னு அவர் பாக்கட்டும்."

ஒரு தோளில் குழந்தை, இன்னொரு கையில் துண்டில் சுற்றிய சட்டி. மேற்குக் கோட்டைவரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. எதிரில் வந்தவர் ஒருவர், "என்ன ஓய், பாயசமா?" என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வைத்தியர் ரமணியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "எத்தற திவசமாயி?"

"அஞ்சு நாள்."

அவர் புருவம் மேலே போயிற்று. "ஐயோ! இத்தற நாள் என்ன செஞ்சோண்டு இருந்தீர்? இனி மருந்து பத்தாது. வஸ்திதான்." உள்ளேயிருந்து ஒரு பித்தளைக் குழாயை எடுத்துக் காட்டினார். அதை எங்கே வைத்து, அதன் வழியாக எண்ணெயை எப்படி ஏற்றுவது என்று கையாலேயே விளக்கினார். நான் குழந்தையை இறுக்கிக்கொண்டு வாசற்படிவரை பின்வாங்கினேன்.

"பேடிக்கண்டா ஐயரே, பயப்பட வேண்டாம். இது குட்டிக்காக்கும், நிங்களுக்கு அல்ல."

"எனக்குப் பண்ணினாலும் பரவாயில்லையே!" என்றேன். அந்த ஐந்து நாளில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"எண்ணெய் சூடாக்கிட்டு வரேன். வராந்தாவில் நில்லும்" என்று அவர் உள்ளே போனார்.

உள்ளே போகும்போது பதற்றத்தில் யாரையும் கவனிக்காத நான் இப்போது வராந்தாவுக்கு வந்தேன். வந்தவன் அங்கேயே உறைந்துபோனேன்.

நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் சூப்பரிண்டெண்டு மகாதேவய்யர் உட்கார்ந்திருந்தார். வேஷ்டியை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். கீழே ஒரு பலகை. அதன்மேல் சற்றே விலக்கி வைத்த இரண்டு பாதங்கள். வாதத்துக்காக வைத்தியர் அவற்றில் மஞ்சளும் வேறு என்னவோ அரைத்துக் கனமாகப் பத்துப் போட்டிருந்தார். விரல் நுனியிலிருந்து கணுக்கால்வரை ஒரே மஞ்சள். காய்கிறவரை அசையக்கூடாது என்று அவருக்குக் கட்டளை.

படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியாத குளிர் ஜுரக்காரன் நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். உடம்பெல்லாம் உண்மையாகவே குளிர்ந்தது. குழந்தையையும் சட்டியையும் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தலையோடு சுற்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் குழந்தையைக் காணோம்.

ரமணி வராந்தா நடுவில் போய்க்கொண்டிருந்தான். அரைஞாண் கயிற்றைத் தவிர உடம்பில் ஒன்றும் இல்லை. ஐந்து நாளாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவன் முகத்தில்.

"கா" என்றான்.

"ரமணி! டேய்! வாடா இங்க!" என்றேன். தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. கத்தினால் என் வேலை போயிற்று, கத்தாவிட்டாலும் போயிற்று.

அவன் குனிந்து அந்த மஞ்சள் பாதத்தை இரண்டு தரம் தட்டினான். பீருமேடு என் கண்ணெதிரே தெரிந்தது. மகாதேவய்யர் கண்ணைத் திறந்தார். ரமணி அவருடைய இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டு, அவர் பாதங்களின்மேல் உட்கார்ந்து, அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"யாரு கொழந்தை இது?"

அவர் தலை நிமிர்ந்தது. தூண் என்னை மறைக்கவில்லை.

"ஓய்! நீரா? குளிர் ஜுரம்னா எழுதியிருந்தீர்?"

அதே நேரத்தில் ரமணியின் முகம் சிவக்க ஆரம்பித்தது. எனக்கு உலகத்தில் வேறொன்றும் தெரியவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன்.

"நில்லும்!" ஆபீஸே அதிரும் அந்தக் குரல்தான், ஆனால் ரகசியமாக வந்தது. "கிட்ட வராதேயும். அந்தச் சனியனை அந்தண்டை கொண்டு போம். கொழந்தை முக்கறான் ஓய்!"

சட்டியோடு அப்படியே நின்றேன். பதினோரு குமாஸ்தாக்களை நடுங்கவைத்த அந்த மனிதர் மெள்ளக் குனிந்தார். குழந்தையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். உதட்டைக் குவித்தார்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

ரமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பயம் இல்லை, அழுகை இல்லை. "ஸ்ஸ்ஸ்ஸ்... அப்படித்தான்டா ராஜா... போ... போ..." என்றார் மகாதேவய்யர்.

அப்புறம் நடந்தது. ஐந்து நாளும் சேர்ந்து நடந்தது. விவரம் வேண்டாம். வைத்தியர் போட்ட பத்து அதற்கப்புறம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நான் விக்கி விக்கி அழுதேன். அவர் காலில் விழுந்துவிடலாம் என்று குனிந்தேன். விழ இடம் இல்லை.

சுடுகிற எண்ணெயும் பித்தளைக் குழாயுமாக வெளியே வந்த வைத்தியர், "ஐயோ, என்டெ மருந்து போச்சே!" என்று கத்தினார்.

"மருந்து இன்னொரு தரம் போடலாம் ஓய். மொதல்ல தண்ணி கொண்டாரும்" என்றார் மகாதேவய்யர். பிறகு என்னைப் பார்த்தார். "எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு நாள் சார்."

"நெனச்சேன். ஏழு பெத்தவன் நான். அவ போனப்புறம் கடைசி ரெண்டையும் நான்தான் கால்ல போட்டு வளத்தேனாக்கும். மூஞ்சியைப் பாத்தாத் தெரியாதா?" குரல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. "நாளைக்கு ஆபீஸுக்கு வாரும். அந்த லீவு கடிதாசைப் பத்திப் பேச வேண்டியிருக்கு."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் சிவகாமி அழுதாள், சிரித்தாள், குழந்தையைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். ரமணி ஒரு தம்ளர் பாலைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டான். "யார் கால்ல?" என்று அவள் கேட்டாள். சொன்னேன். சிரிப்பு நின்றது. "ஐயோ! நம்ம சோத்துல மண்ணுதானா!" என்றாள்.

மறுநாள் அவர் மேஜைக்கு எதிரே நின்றேன். என் கடிதம் அவர் கையில் இருந்தது. அறைக்கதவு திறந்திருந்தது, வெளியே பத்துக் குமாஸ்தாக்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"குளிர் ஜுரம்னு எழுதியிருக்கீர். சர்க்கார் காயிதத்துல பொய் எழுதப்படாது. உண்மையான காரணத்தைப் போட்டு வேறே எழுதும். எழுதி, சத்தமா வாசியும்."

எழுதினேன். 'மகன் ஐந்து நாளாக வெளிக்குப் போகாமையால்' என்பதை மரியாதையான இங்கிலீஷில் எழுத அரை மணி நேரம் பிடித்தது. வாசித்தேன். வெளியே ஒருவருக்கு இருமல் வந்தது; பிறகு எல்லாருக்கும் வந்தது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. 'லீவு அனுமதிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டு, என் சர்வீஸ் காகிதங்களோடு சேர்க்கச் சொன்னார். வேலை போகவில்லை. ஆனால் அப்புறம் முப்பது வருஷம் எந்த ஆபீஸுக்கு மாறினாலும், புது மேலதிகாரி என் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிற்பார். என்னை நிமிர்ந்து பார்ப்பார். "பையன் இப்ப சௌக்கியமா?" என்பார்.

பையன் சௌக்கியம். எனாமல் சட்டியில் சிவகாமி மல்லிகைப் பதியன் வைத்தாள். மூன்று வாரம் கழித்துக் கட்டு அவிழ்ந்ததும், ரமணி மறுபடி அவள் காலில் உட்கார்ந்தான். நான் நாகரிகத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

ரமணியின் கல்யாணத்துக்கு மகாதேவய்யர் வந்திருந்தார். எண்பது தாண்டிவிட்டது, கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தோம். புதுமாப்பிள்ளையும் பெண்ணும் நமஸ்காரம் பண்ண வந்து நின்றார்கள். ரமணி குனிந்ததுதான் தாமதம், கிழவர் அந்த வயதில், அந்த வாதத்தோடு, இரண்டு காலையும் வெடுக்கென்று நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார்.

"ஆசீர்வாதம் பண்றேன்டா. தீர்க்காயுசா இரு. ஆனா கால் கெடையாது. ஒரு தரம் குடுத்தேன், போரும்!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. ஒன்றும் புரியாமல் விழித்த புதுப்பெண்ணுக்குச் சிவகாமி அங்கேயே கதையைச் சொல்லிவிட்டாள். ரமணி தலைப்பாகையோடு மேல்துண்டையும் சேர்த்து முகத்தை மூடிக்கொண்டான்.

கூட்டம் கலைந்த பிறகு நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அன்னிக்கு எனக்கு ஈரக்குலையே நடுங்கித்து சார்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைவிடவா ஓய்? வலி உசிர் போறது, கொழந்தை கனம் வேற. கொஞ்சம் அசைஞ்சாலும் பயந்து நிறுத்திடுவான். நிறுத்திட்டா அந்தக் குழாய். ஆயுசுல நான் அப்படிப் பயந்ததே கெடையாது."

அவர் இப்போது இல்லை. ரமணி பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். அவனுக்குக் கீழே இருக்கிறவர்கள் அவனுக்குப் பயப்படுகிறார்களாம். பண்டிகை நாளில் வீட்டுக்கு வந்து நமஸ்காரம் பண்ணக் குனிவான். கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் அத்தனை பேரும், நானும் சிவகாமியும் உட்பட, காலை மேலே தூக்கிக்கொள்வோம்.